மாற்றுத்திறன் பிள்ளைக்காக ஆபீஸ், முகாம், ஸ்கூல் மீட்டிங் போகும் முன்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு இப்போது 13 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. திருமங்கலத்தில் பஸ் ஏறி பெரியாஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், வட்டார வள மையம் என்று அவனோடு சுற்ற ஆரம்பித்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெரபிக்குப் போகும் இடத்தில் வெளியே ஒரு பெஞ்சு உண்டு. புதிதாக வரும் அம்மாக்கள் அதில் மெல்ல நகர்ந்து வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, ஆபீசரும் இல்லை, நிறைய வரிசையில் நின்றவள், அவ்வளவுதான்.

அக்கா, முதல்ல எங்க போகணும்? கலெக்டர் ஆபீசா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரிதான். என்ன உதவி கேட்டு யாரிடம் போய் நின்றாலும் அவர்கள் வாயில் வரும் முதல் வார்த்தை "கார்டு இருக்கா?" என்பதுதான். யுடிஐடி என்று சொல்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை அது. மத்திய அரசு அட்டை என்பதால் இந்தியா முழுக்கச் செல்லும். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும், போனிலேயே போடலாம், கை வராவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அதன்பின் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை. அவ்வப்போது ஒன்றியங்களில் முகாமும் நடக்கும். முகாமில் டாக்டர், சைக்காலஜிஸ்ட், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள், அலைச்சல் மிச்சம். கூட்டம் மட்டும் சித்திரைத் திருவிழா மாதிரி இருக்கும்.

அட்டையில் மூன்று நிறம். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்குக் கோடு கிழித்திருப்பது 40இல்தான். இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்?

பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலைந்து, இதுவரை பார்த்த டாக்டர் சீட்டுகள், ஸ்கேன், இஇஜி (மூளை அலைச் சோதனை), மாத்திரை விவரம். பிரசவத்தில் சிக்கல் என்றால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பிறப்புச் சான்றில் பின்னால், ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்று இருந்தால் அதற்கே ஒரு நாள் போய்விடும். நான் இப்படி ஒரு முறை உச்சி வெயிலில் திரும்பி வந்திருக்கிறேன்.

என் மாமியார் கார்டே வேணாங்கிறாங்க. வாங்கிட்டா சின்னவளுக்குக் கல்யாணம் ஆகாதாம்.

இந்தக் கேள்வி கேட்காத வீடே இல்லை. மாமியாரோடு சண்டை போடாதீர்கள், ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "அத்தை, பையன் இப்படி இருக்கிறது ஊருக்குக் கார்டைப் பார்த்தா தெரியும்?" அட்டை பீரோவுக்குள் இருக்கும், யாரும் வாசலில் மாட்டச் சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் உதவித்தொகை, பஸ், பரீட்சைச் சலுகை ஒன்றும் இல்லை. நம்மூர் வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. எங்களோடு தெரபிக்கு வரும் ஒரு பிள்ளையைத் தாத்தாதான் கூட்டி வருகிறார். பெண்களுக்கு எப்படியும் இலவசம், தாத்தாவுக்குத்தான் அட்டை வேண்டியிருந்தது. அந்த வீட்டில் முதலில் மனம் மாறியது அவர்தான்.

டெஸ்ட்ல என்ன கேப்பாங்க? பிள்ளைக்கு எதுவும் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டுப் போகணுமா?

இதற்குத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, தயாராக வேண்டியது நீங்கள். பிள்ளைக்குப் படம், கட்டை, கணக்கு என்று தனியாக ஒரு சோதனை வைப்பார்கள், சரி. ஆனால் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று இன்னொன்று இருக்கிறது, வைன்லேண்ட் என்பார்கள், நம் நாட்டுக்கு மாற்றியதில் 89 விஷயங்கள் உண்டு. தானாகச் சாப்பிடுகிறானா, சட்டைப் பட்டன் போடுகிறானா, பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போவானா, கடையில் காசு கொடுத்து வாங்குவானா, இப்படி. இதில் பாதிக்கு மேல் பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அம்மா சொல்லும் பதிலை வைத்துத்தான் மார்க். ஆட்டிசத்துக்கு வேறு அளவுகோல், 40 விஷயங்கள், அங்கேயும் பார்ப்பது பாதி, உங்களைக் கேட்பது பாதி.

என் கதையைச் சொல்கிறேன். அவனுக்கு 5 வயதில் முதல் முறை போனோம். "தானா சாப்பிடுவானா?" என்று கேட்டார்கள். சாப்பிடுவான் என்றேன். சோற்றைப் பிசைந்து, தட்டை மடியில் வைத்து, கையைப் பிடித்து வாய்வரை கொண்டுபோனால் சாப்பிடுவான், அதை யார் சொல்வது? "பாத்ரூம்?" போவான் என்றேன், தூக்கிக்கொண்டு போவது நான். பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் வேறு உட்கார்ந்திருந்தார், என் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. முடிவில் 25 சதவீதம், வெள்ளை அட்டை. அந்த சைக்காலஜிஸ்ட் மேல் பிழை இல்லை, நான் சொன்னதைத்தான் அந்த அம்மா எழுதினார்.

அறிவுசார் குறைபாட்டுக்குச் சதவீதம் ஒன்று ஒன்றாக ஏறாது, பெரிய பெரிய படியாகத் தாவும்: எல்லைக்கோட்டில் இருந்தால் 25, லேசானது 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. அதனால் நாலைந்து பதிலை வீம்புக்குக் கூட்டிச் சொன்னாலே பிள்ளை ஒரு படி மாறிவிடலாம். 25க்கும் 50க்கும் நடுவில்தான் அந்த 40 கோடு ஓடுகிறது.

அப்ப முடியாததா சொல்லணும்ங்கிறீங்களா?

இல்லை! நடப்பதைச் சொல்லுங்கள் என்கிறேன். "செய்வானா" என்று கேட்டால் "யாரும் சொல்லாமல், தொடாமல், அவனாகவே, பெரும்பாலான நாட்களில் செய்கிறானா" என்று நீங்களே மனசுக்குள் மாற்றிக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். தீபாவளி அன்று ஒரு தடவை சட்டையை அவனே போட்டான் என்பது நமக்குக் கொண்டாட்டம், அங்கே அது பதில் இல்லை. நன்றாகச் செய்வதையும் மறைக்க வேண்டாம். என் மகன் ரோட்டில் போகும் பஸ் நம்பர் எல்லாம் சொல்வான், அதையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

அங்க போனா எனக்கு எல்லாம் மறந்துரும்க்கா. பேச்சே வராது.

எல்லாருக்கும் அப்படித்தான். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள், பத்து ரூபாய்க்குக் கடையில் விற்கிற நோட்டுப் புத்தகம் போதும். டெஸ்ட்டுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து, காலையில் எழுந்தது முதல் படுக்கிறவரை எங்கெங்கே கை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். "பல் தேய்க்க: பேஸ்ட் வைத்து, கையைப் பிடித்து, பத்து நிமிஷம்." "ராத்திரி மூன்று தடவை எழுந்தான்." வலிப்பு வந்தால் தேதி, நேரம், எத்தனை நிமிஷம். அழகாக எழுத வேண்டாம், பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் போதும்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்க வேண்டியதை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். வலிப்பு, தலையை முட்டிக்கொள்வது மாதிரி விஷயங்கள் டாக்டர் முன்னால் வரவே வராது (அன்றைக்கு மட்டும் பிள்ளை சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கும்), அதனால் போனில் ஒரு நிமிஷ வீடியோ எடுத்து வையுங்கள். பேச்சு வராவிட்டால் நோட்டை அப்படியே நீட்டிவிடுங்கள், தப்பே இல்லை.

பர்சன்டேஜ் கம்மியா போட்டுட்டாங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். சான்று கொடுத்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அதே 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. அழுது கேட்பதைவிட "இன்ன காரணத்துக்காக மறுபரிசோதனை வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள், கூடவே நோட்டின் ஜெராக்ஸ், தெரபிஸ்ட் ரிப்போர்ட், பள்ளியில் ஸ்பெஷல் டீச்சர் எழுதிக்கொடுத்த தாள். நாங்கள் ஒரு வருஷம் கழித்து இப்படித்தான் போனோம், 50 வந்தது.

புள்ளைக்கு மூணு வயசுதான் ஆகுது. இப்பவே போகணுமா, பேச்சு வந்துரும்ங்கிறாங்க?

வந்தால் நல்லது, ஆனால் காத்திருக்காதீர்கள். 5 வயதுக்குள் இருந்தால் அறிவுசார் குறைபாடு என்று முத்திரை குத்த மாட்டார்கள், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். அப்புறம் 5, 10, 18 வயதுகளில் திரும்பப் பார்ப்பார்கள், 18இல் தருவதுதான் நிரந்தரம். சான்றைவிட இந்த வயதில் தெரபிதான் அவசரம். பெரியாஸ்பத்திரியில் ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, கார்டு இல்லாமலே போகலாம்.

நாங்க திருப்புவனம். மதுரைதான் பக்கம். மதுரை ஆபீசுலயே குடுக்கலாமா?

பஸ்ஸுக்கு மதுரை பக்கம், பேப்பருக்குச் சிவகங்கை. ஆதாரில் எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் உதவித்தொகை தரும். வைத்தியமும் தெரபியும் மதுரையில் தாராளமாகப் பார்க்கலாம், அந்தச் சீட்டுகள் அங்கேயும் செல்லும். வீடு மாறியிருந்தால் முதலில் ஆதார் முகவரியை மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பிள்ளையை ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போகணுமா? கூட்டத்தைப் பாத்தா கத்துறான்.

மருத்துவப் பரிசோதனைக்குக் கட்டாயம். வெறும் மனு கொடுக்க, நிலவரம் கேட்கத் தேவையில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். பிள்ளையைக் காட்டினால்தான் இரக்கம் வரும் என்று சிலர் வெயிலில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

கூட்டிப்போகும் நாளில் டோக்கனை ஒருவர் வாங்கட்டும், பிள்ளை இன்னொருவரோடு வெளியே மர நிழலில் இருக்கட்டும். மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். "தூங்கிட்டா டெஸ்ட் பண்ண மாட்டாங்க"ன்னு வலிப்பு மாத்திரையை நிறுத்திக் கூட்டிவந்த ஒரு வீட்டைப் பார்த்தேன், அன்றைக்கு வரிசையிலேயே வலிப்பு வந்தது. வீட்டுச் சாப்பாடு, மாற்றுத் துணி, அவன் கையைவிட்டு வைக்காத பொருள் ஒன்று. எங்களுக்கு அது ஒரு பழைய டார்ச் லைட்.

திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு குடுத்தா வேலை சீக்கிரம் நடக்குமா?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், யாரும் போகலாம். கலெக்டரிடம் கொடுத்தாலும் மனு கடைசியில் இறங்கி வருவது சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குத்தான். அதனால் முதல் படியிலேயே அங்கே போகாதீர்கள். நல அலுவலகத்தில் கொடுத்து, பதில் வராமல் இழுத்தால் அந்தப் பழைய மனுவின் நகலோடு திங்கட்கிழமை போங்கள், அப்போது அதற்குப் பலம் உண்டு.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. வீல்சேர், உதவித்தொகை, பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று டேபிளுக்குப் போக முடியாமல் ஒரு டேபிளில் தூங்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், கீழே நாலு வரி, பிள்ளையின் யுடிஐடி எண், உங்கள் போன் நம்பர். ஒப்புகை எண் வாங்காமல் நகராதீர்கள். பேசும்போது "சார், பராமரிப்பு உதவித்தொகைக்கு மார்ச் மாசம் மனு குடுத்தேன், நிலவரம் வேணும்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிரசவத்திலிருந்து கதை ஆரம்பித்தால் அவர்கள் கண் அடுத்த ஆள் மேல் போய்விடும். எழுத்தில் கேட்டும் பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு என் மனு என்ன ஆனது என்று கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாசம் 2,000 எல்லாருக்கும் உண்டா? அதை வாங்கினா எனக்கு வர்ற மகளிர் உரிமைத் தொகை நின்னுருமா?

எல்லாருக்கும் இல்லை. பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், அறிவுசார் குறைபாட்டுக்கும் தசைச்சிதைவுக்கும் 40 சதவீதம் இருந்தால் கேட்கலாம், கை கால் பாதிப்பு மாதிரி மற்றவற்றில் கடுமையான பாதிப்பு, அதாவது 75 சதவீதம் பார்ப்பார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும், வருஷம் ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், அதை மறந்துவிட்டு "நின்னுபோச்சு" என்று அலைகிறவர்கள்தான் அதிகம்.

மகளிர் உரிமைத் தொகை நிற்காது. பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் ஆள் வீட்டில் இருந்தாலும், மற்றத் தகுதிகள் இருந்தால் அம்மா அந்த 1,000 ரூபாயை வாங்கலாம் என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. உரிமைத் தொகை போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைக்கு மனுவே போடாமல் இருந்த இரண்டு வீட்டை எனக்குத் தெரியும்.

விசாரிக்க வீட்டுக்கு வராங்களாம். பிரிட்ஜ், டிவியை மறைச்சு வைக்கணுமா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன்: வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டது பிள்ளை இங்கேதான் இருக்கிறானா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், பள்ளிக்குப் போகிறானா என்பதுதான். பிரிட்ஜைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தால் அடுத்த நாள் ஊரே அதைத்தான் பேசும். பிள்ளையை அன்றைக்குக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைக்கவும் வேண்டாம், நோட்டை எடுத்து வையுங்கள்.

ஒருத்தர் 5,000 குடுத்தா 80 பர்சன்ட் போட்டு வாங்கித் தரேங்கிறார். குடுத்துரலாமா?

கூடாது. பணம் போவது ஒரு பக்கம். பொய்யாக மாற்றுத்திறனாளி சலுகை வாங்கினால், வாங்க முயன்றால்கூட, இரண்டு வருஷம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று 2016 சட்டத்தில் இருக்கிறது. புரோக்கர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார், கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே. நிஜமாகவே குறைவாகப் போட்டிருந்தால் மேலே சொன்ன மறுபரிசோதனை வழி இருக்கிறது.

ஸ்கூல்ல மீட்டிங்னு கூப்பிட்டு "டிசி வாங்கிக்கங்க"ங்கிறாங்க. என்ன பேசுறது?

தனியாகப் போகாதீர்கள், வீட்டில் நிதானமாகப் பேசுகிற ஆள் யாரோ அவரைக் கூட்டிப் போங்கள். அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், இதை எழுத்துல குடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பல இடத்தில் பேச்சு அதோடு மாறும். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு அனுப்ப 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளி குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக்கூடாது என்று 2016 சட்டமும் சொல்கிறது. அதையும் மீறினால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. நீங்களாக டிசி கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் சண்டை ஜெயித்து, பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன லாபம்? கூட்டத்தில் அடுத்ததாக "இந்த வருஷம் அவனுக்கு என்ன சொல்லித்தரப் போறீங்க?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள், அவன் ஒருவனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள், பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அந்தத் திட்டத்தில் "எழுத்தறிவு மேம்பாடு" என்று பொதுவாக எழுத விடாதீர்கள், "பெயரைத் தானாக எழுதுவது, டிசம்பருக்குள்" என்று இருக்கட்டும். பத்தாவது பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், மொழிப்பாட விலக்கு எல்லாம் கிடைக்கும், ஒன்பதாவதிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.

18 முடிஞ்சாலும் அம்மாதானே? கார்டியன் ஆர்டர் எதுக்குத் தனியா?

வீட்டுக்கு அம்மா, சட்டத்துக்கு 18 வயதான ஒரு பெரிய ஆள். வங்கியில், சொத்தில், சில ஆபரேஷன்களில் "யார் கையெழுத்து?" என்று வந்து நிற்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது, சட்டக் காப்பாளரை அதுதான் நியமிக்கும். இதே நாலு வகைக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, வருஷம் ஒரு லட்சம்வரை, தெரபிச் செலவும் அதில் வரும். அதற்கு 18 ஆக வேண்டியதில்லை, இப்போதே சேருங்கள்.

குழுவின் முன்னால் உட்காரும்போது கேட்கப்படுவது: அவனுக்கு என்ன சொத்து இருக்கிறது, யார் பார்ப்பார்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குச் சம்மதமா. தாத்தா எழுதிவைத்த அரை ஏக்கர் இருந்தாலும் மறைக்காதீர்கள். நியமனம் ஆனபின் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு என்று கொடுக்க வேண்டியிருக்கும். பழைய நோட்டு இங்கேயும் உதவும், பிள்ளையை இத்தனை வருஷம் யார் பார்த்தது என்பது அதில் கிடக்கும்.

அவரு எங்களை விட்டுட்டுப் போய் நாலு வருசமாச்சு. அப்பா கையெழுத்து இல்லாம இதெல்லாம் நடக்குமா?

யுடிஐடி, உதவித்தொகை, பள்ளி மனு எதற்கும் அம்மா கையெழுத்து போதும், நான் பார்த்தவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. 18க்குப் பிந்திய காப்பாளர் மனுவில்தான் பொதுவாக இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒருவர் இறந்திருந்தாலோ, விவாகரத்தோ சட்டப்படியான பிரிவோ இருந்தாலோ, விட்டுவிட்டுப் போயிருந்தாலோ, தண்டனை பெற்றிருந்தாலோ மற்றவர் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று விதியே சொல்கிறது.

விட்டுவிட்டுப் போனதற்குத் தாள் கேட்பார்கள், அதுதான் இடிக்கும். போலீசில் கொடுத்த புகார், ஜீவனாம்ச வழக்கு நம்பர், அவர் பெயர் இல்லாத ரேஷன் கார்டு, எது இருக்கிறதோ எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் விஏஓவிடம் இப்போதே பேசுங்கள். பிள்ளைக்கு 17 ஆகும்போது தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.